மரக்கை நசுங்கிய சனிக்கிழமை

காலை 11:25. தகடு வெட்டும் பவர் பிரஸ் இறங்கக் கூடாத நேரத்தில் இறங்கியது. அடியில் சோதனைக்கு வைத்திருந்த மரக்கையின் நான்கு விரல்களும் அப்பளமாக நொறுங்கின. கட்டைவிரல் மட்டும் தெறித்துப் போய்க் குணசுந்தரியின் காலடியில் விழுந்தது.

வெறும் மரம்தான், ரத்தமா வரப்போகிறது? ஆனாலும் அன்புவின் முகம் செத்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால், 10:30க்கு, இதே பிரஸ், இதே புரோகிராம், இதே மரக்கை. அப்போது பிரஸ் அசையவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். இப்போது கைதட்ட ஆளில்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் இருக்கும் அந்தச் சின்னக் கம்பெனி, பிரஸ் மெஷின்களுக்காக ஒரு கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கி வைத்திருக்கிறது. பெயர் ஏணி. மெஷின் ஓட்டுகிறவர்களே தமிழில் எழுதிக்கொள்ளலாம். 'தகடு வை', 'இறக்கு', 'ஏற்று' என்று வரிக்கு ஒரு வேலை. 'காவல் பார்' என்றும் ஒரு வரி உண்டு. அதை எழுதினால், அச்சுக்கு அடியில் கை இருக்கிறதா என்று சென்சார் பார்த்த பிறகுதான் பிரஸ் இறங்கும். எழுதாமல் விட்டால் பார்க்காமலே இறங்கும். எழுதுவதும் விடுவதும் அவரவர் இஷ்டம்.

அந்த இஷ்டமே கூடாது என்பது புதுப் பதிப்பை எழுதும் அன்புவின் கட்சி. மூன்றாம் பதிப்பில், காவல் வரி இல்லாத புரோகிராமை மொழியே ஓட்ட மறுக்க வேண்டும் என்றான். இன்று மதியம் ஒரு மணிக்குள் முடிவு. இதில் சேராவிட்டால் அடுத்த பதிப்புக்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். அவன் இப்படிப் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். அவன் தங்கை சோனியாவின் வலது கையில் இரண்டு விரல் கிடையாது. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு பட்டறையில் பிரஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டாள். காவல் வரி இருந்தது, அந்தப் பெண்தான் சென்சாரை மறைத்துவிட்டு அஜாக்கிரதையாகக் கையை விட்டாள் என்று அப்போது ரிப்போர்ட் எழுதினார்கள். சோனியாவும் அதை நம்பிவிட்டாள். பாவம், மெஷின் பொய் சொல்லாது என்று நினைக்கிற வயசு.

மெர்சிக்கு அந்தக் கம்பெனியில் இரண்டு வேலை. மற்றவர்கள் எழுதியதை உடைத்துப் பார்ப்பது ஒன்று. கூட்டம் நடந்தால் மினிட்ஸ் எழுதுவது இன்னொன்று. செவ்வாப்பேட்டையிலிருந்து ரயில் மாறி ரயில் ஏறி வருகிறவள், நிமிஷக் கணக்கு அவளுக்கு ரத்தத்திலேயே ஊறிவிட்டது. யார் எப்போது எழுந்தார், எப்போது திரும்ப உட்கார்ந்தார் என்பது வரைக்கும் நோட்டில் ஏறிவிடும். விற்பனை பார்க்கும் ஜெகன் இதற்காகவே அவளை "ஸ்டேஷன் மாஸ்டர்" என்று கிண்டல் செய்வான்.

11:32. மெர்சி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கன்ட்ரோல் பெட்டியின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினாள். உள்ளே மூன்றாம் பதிப்பின் பச்சை மெமரி கார்டு இருக்க வேண்டும். இருந்தது, காலையில் கழற்றி மெஷின்மேல் வைத்திருந்த வெள்ளைக் கார்டு. அதாவது, காவல் வரி இல்லாத புரோகிராமையும் ஓட்டிவிடும் இரண்டாம் பதிப்பு.

"அன்பு, காத்தால நீ பச்சை கார்டு தானே போட்ட?"

"ஆமா மெர்சி. நீதானே பக்கத்துல நின்னு பார்த்த."

அவள் பார்த்ததுதான். அப்படியானால் முதல் சோதனை முடிந்து கிளம்பிய 10:40க்கும் 11:25க்கும் நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். சனிக்கிழமை என்பதால் பிரஸ் இருக்கும் ஷெட்டுக்கு லீவு. வெளி ஷட்டர் உள்பக்கம் பூட்டியிருந்தது. ஷெட்டுக்குள் வர ஒரே வழி, ஆபீஸ் நடைபாதையின் கோடியில் இருக்கும் கதவு. ஆபீசில் இருந்தது ஐந்தே பேர்.

குனிந்து பார்த்த குணசுந்தரிதான் அதைக் கண்டுபிடித்தார். அவர்தான் கம்பெனியின் முதலாளி, ஏணியின் முதல் வரியை எழுதியவர். பிரஸ்ஸுக்கு அடியில் சொட்டியிருந்த ஆயிலில் ஒரு ரப்பர் செருப்பின் தடம். முன்பக்கம், வார் நுழைகிற ஓட்டைக்கு அடியில், ஒரு ஊக்கு பதிந்த கோடு. முதல் சோதனை முடிந்ததும் மெர்சியே அந்த இடத்தைச் சாக்குத் துணியால் துடைத்திருந்தாள். ஆக, தடம் அதற்குப் பிறகு விழுந்தது.

வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு அந்த ஆபீசில் ஒருவனுக்குத்தான் உண்டு. ஷெட்டுக்குள் செருப்புக்கு அனுமதி இல்லை என்பதால் அன்பு கூட்ட அறை வாசலிலேயே விட்டுப் போயிருந்த நீலச் செருப்பைத் திருப்பினார்கள். அடியில் ஆயில் பளபளத்தது. தடம் நடைபாதையில் தெரியவில்லையே என்று ஜெகன் கேட்டான். ஷெட் கதவருகே கிடந்த கால்மிதியைக் காட்டினாள் மெர்சி. அதில் கறுப்பாகத் துடைத்த கறை.

"மேடம், நான் ஷெட்டுக்குப் போவவே இல்ல. அம்மா சத்தியமா," என்றான் அன்பு.

குணசுந்தரிக்குக் கோபம் சட்டென்று வராது. வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும். கடைசி நேரத்தில் எதையோ திருத்தப் போய்க் கார்டை மாற்றிச் செருகிவிட்டாய், அதை ஒத்துக்கொள்ளவும் மாட்டேன் என்கிறாய் என்றார். நானூறு பிரஸ்ஸில் ஓடப்போகிற சமாச்சாரத்தை எப்படி உன்னை நம்பிச் சேர்ப்பது என்று கேட்டார்.

அப்போதுதான், வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கால் வலியோடு ஷூ லேஸைக் கட்டி முடித்துக் குப்புராஜ் எழுந்து வந்தார். திருப்பாச்சூரில் நெல் வயல் வைத்திருக்கும் மனிதர். இந்த ஜில்லாவில் பாதிப் பட்டறைகளில் கம்பெனி சார்பில் பிரஸ்ஸைப் பொருத்தி, முதல் புரோகிராமையும் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். சோனியா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் இட்லி வாங்கிப் போனவர், அன்புவுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். அன்பு அவரை அப்பாவைப் போல நைனா என்றுதான் கூப்பிடுவான்.

"உட்ருங்கமா," என்றார் குணசுந்தரியிடம். "பையன் பதட்டத்துல மாத்தி வெச்சிருப்பான். அடுத்த வெர்ஷன்ல பார்த்துக்கலாம். அவனப் போட்டு பேஜாரு பண்ணாதீங்க."

மெர்சி நோட்டைப் புரட்டினாள். முடிவெடுக்க ஒரு மணி வரை நேரம் இருக்கிறது, 12:20 வரை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டாள். குணசுந்தரி யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

நோட்டில் இருந்தது இது.

10:40. நால்வரும் ஷெட்டிலிருந்து கூட்ட அறைக்கு.

10:45. குப்புராஜ் வருகை. பைக்கில் தொப்பலாக நனைந்து வந்தார். முதல் சோதனையைப் பார்க்கவில்லை.

10:50. விவாதம் ஆரம்பம். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதா, ஒன்றிலா? தகடு எண்ணுகிற எந்த மனுஷனும் பூஜ்யம் என்று முதல் தகட்டை எடுப்பதில்லை என்றார் குப்புராஜ். சிரிப்பு. ஒன்று என்று முடிவு.

10:55. காவல் வரி. ஜெகன்: மறுக்க வேண்டாம், எச்சரித்தால் போதும். பழைய புரோகிராம்கள் எல்லாம் திங்கட்கிழமை காலையில் நின்றுவிட்டால் போனை எடுத்து மாளாது. குப்புராஜ்: கட்டாயம் தேவை, ஆனால் புதிதாக எழுதுவதற்கு மட்டும். பழையதற்கு விலக்கு கொடுக்கலாம்.

10:58. ஜெகன் போன் பேச வெளியே. 11:06 திரும்பினார்.

11:00. அன்பு பிரின்ட் எடுக்க வெளியே. 11:02 திரும்பினார்.

11:07. அன்பு: விலக்கு கூடாது. மூன்றாம் பதிப்பு ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய புரோகிராம்களையும் படிக்கும். காவல் வரி இல்லாதவற்றை, எழுதியவர் பெயர், தேதியோடு பட்டியல் போடும்.

11:09. குப்புராஜ் பாத்ரூமுக்கு. 11:14 திரும்பினார்.

11:20. குப்புராஜ் தவிர அனைவரும் ஷெட்டுக்கு.

குணசுந்தரியும் மெர்சியும் எழுந்திருக்கவே இல்லை. மிச்சம் மூன்று பேர்.

11:45. ஜெகன். அவன்மேல்தான் யாருக்கும் முதலில் சந்தேகம் வரும், அவனுக்கே அது தெரிந்திருந்தது. எங்கே பேசினாய் என்றதற்குப் பின்கட்டில் என்றான். அந்த ஆபீசில் போன் சிக்னல் கிடைப்பது பின்கட்டில் மட்டும்தான். மழைக்கு அந்த இடம் செம்மண் சேறாகிக் கிடந்தது.

"கால காட்டு ஜெகன்."

"ஸ்டேஷன் மாஸ்டர் இப்ப போலீஸ் ஆயிட்டாங்களா?" என்றபடியே காட்டினான். லேஸ் இல்லாத, காலை நுழைத்தால் போதும் என்கிற மாதிரி ஷூ. விளிம்பு முழுக்கச் செம்மண். உள்ளே வெள்ளை சாக்ஸ். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு சுருக்கம்கூட இல்லை.

11:52. அன்பு. பிரின்டர் நடைபாதையிலேயே இருக்கிறது, வெறுங்காலோடு போய் வந்தேன் என்றான். எடுத்து வந்த நான்கு தாளிலும் அடியில் 11:01 என்று அச்சாகியிருந்தது. மெர்சி கூட்ட அறையிலிருந்து பிரஸ் வரைக்கும் நடந்து பார்த்தாள். போக ஒரு நிமிஷம், வர ஒரு நிமிஷம். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றிக் கார்டை மாற்றித் திரும்ப முடுக்க மூன்று நிமிஷம்.

11:58. குப்புராஜ்.

"பாத்ரூமுக்குத் தான்மா போனேன். மழையில நனைஞ்ச ஒடம்பு, அஞ்சு நிமிசம் கூட ஒக்கார உட மாட்டேங்குது."

"ஷெட் பக்கம் யாராச்சும் போனத பார்த்தீங்களாண்ணா?"

"நான் இன்னாத்தக் கண்டேன். நேரா போனேன், நேரா வந்தேன்."

மெர்சி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பின்கட்டுப் படியில் நின்று பாத்ரூம் வரைக்கும் பார்த்தாள். நடுவில் இருபதடிக்கு ஒரே சேறு. திரும்பி வந்து, கூட்ட அறை வாசலில் ஆளாளுக்குக் கழற்றிவிட்டிருந்ததை நினைவுக்குக் கொண்டுவந்தாள். புதுக் கம்ப்யூட்டர்களில் தூசு படும் என்று குணசுந்தரி அந்த அறைக்குள் யாரையும் செருப்போடு விடுவதில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் சந்தோஷம் வரவில்லை. தப்பாக இருக்கட்டும் என்று ஒரு தடவை வேண்டிக்கொண்டாள். நிமிஷங்களை மறுபடி கூட்டிப் பார்த்தாள். தப்பாக இல்லை.

12:20. ஐந்து பேரும் மறுபடி கூட்ட அறையில் உட்கார்ந்தார்கள். நசுங்கிய மரக்கையை மெர்சி மேஜைமேல் வைத்தாள்.

"செருப்பு அன்புவோடதுதான். அதுல சந்தேகமே இல்ல," என்றாள். "ஆனா, தடம் செருப்பத்தான் காட்டுது, கால காட்டல. நம்ம ஊட்டு விசேஷத்துல, ஆபீஸ்ல, எங்க வேணா பாருங்க. அவசரமா வெளிய போறவங்க அவங்கவங்க செருப்பத் தேடிக்கினா இருக்காங்க? எது வழியில கெடக்குதோ அதுல கால உட்டுக்கினு போறாங்க. திரும்பி வந்து அதே எடத்துல உட்டுடறாங்க. மாட்டிக்கினு போனதே அவங்களுக்கு ஞாபகம் இருக்காது."

குணசுந்தரி மெதுவாக நிமிர்ந்தார். அவரே வாரத்துக்கு இரண்டு நாள் மெர்சியின் செருப்பை மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போய் வருவார்.

மெர்சி தொடர்ந்தாள். அடுத்தவர் செருப்பு யாருக்குத் தேவைப்படும்? தன்னுடையதை மாட்டுவதற்குச் சிரமப்படுகிறவருக்கு. ஜெகன் காலை நுழைத்தால் போதும், நடந்துவிடலாம். ஷூவில் சேறும் இருக்கிறது, அவன் சொன்ன இடத்துக்கே போயிருக்கிறான். சாக்ஸோடு வார் செருப்பை மாட்டியிருந்தால் சாக்ஸ் சுருங்கியிருக்கும். அன்புவுக்கு நேரம் போதாது. மிச்சம் ஒருவர்தான்.

அவள் குப்புராஜின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, பாத்ரூமுக்குக் கால்ல இன்னா போட்டுக்கினு போனீங்க?"

"என் ஷூவத்தான்."

"11:20க்கு நாங்க ஷெட்டுக்குக் கெளம்பும்போது நீங்க ஸ்டூல்ல ஒக்கார்ந்து ஷூவுக்குள்ளேர்ந்து பேப்பர உருவிக்கினு இருந்தீங்க. நீங்க போங்க, நான் வரேன்னு சொன்னீங்க. காத்தால நனைஞ்சு வந்ததும் ஷூ காயட்டும்னு நீங்களே திணிச்ச பேப்பர். சாக்ஸ் இன்னும் அந்த ஜன்னல் கம்பியில தொங்குது."

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். சாம்பல் நிற சாக்ஸ் இரண்டும் அங்கேதான் தொங்கின.

பேப்பரை உருவி, முழங்கால் வலியோடு லேஸ் கட்டி, சேற்றில் போய் வந்து, லேஸ் அவிழ்த்து, மறுபடி பேப்பர் திணிப்பதற்கு ஐந்து நிமிஷம் போதாது. வெறுங்காலோடு யாரும் அந்தப் பாத்ரூமுக்குப் போக மாட்டார்கள். ஆக, வேறு செருப்பு. வாசலில் கிடந்த செருப்புகளில் ஒன்றில்கூடச் சேறு இல்லை. ஒன்றில் மட்டும் ஆயில் இருந்தது. அவர் பாத்ரூமுக்குப் போகவே இல்லை.

"ஷெட்டுக்குள்ள செருப்போட கால் வெச்சா கத்தறவரே நீங்கதான்," என்றாள். "கதவோரம் கேன்வாஸ் ஷூ வெச்சதும் நீங்கதான். அதுக்கும் லேஸ் கட்டணும், நேரமில்ல. அன்புவ மாட்டி உடணும்னு நீங்க நெனைக்கலண்ணா. அது எனக்குத் தெரியும். கால் தானா போயிடுச்சு."

"நைனா ஏன் மெர்சி அத செய்யணும்?" அன்புவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அவருதான் காவல் கட்டாயம்னு மொத ஆளா சொன்னாரு."

மெர்சி நோட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். கட்டாயம் என்றார், பழையதற்கு விலக்கு என்றும் சொன்னார். எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. 11:07க்கு நீ பட்டியலைப் பற்றிச் சொன்னாய், எழுதியவர் பெயரும் தேதியும் வரும் என்றாய். 11:09க்கு அவர் எழுந்தார். அவ்வளவுதான் நோட்டில் இருக்கிறது, அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்றாள். ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்த அன்புவுக்கும் மெல்ல மெல்லத் தெரிந்தது.

குப்புராஜ் சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். கண்ணாடிக்கு அடியில் பச்சைக் கார்டு இருந்தது. அதை மேஜைமேல், மரக்கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பட்டறைக்காரன் அவசரப்பட்டான்," என்றார். "ஒரு தகடுக்கு அர செகண்டு லேட்டாவுதுன்னான். நான்தான் அந்த வரிய எடுத்தேன். பதினோரு நாள் கழிச்சு சோனியாவுக்கு வெரல் போச்சு. ராவோட ராவா அந்த வரிய திரும்ப எழுதி மெஷின்ல ஏத்திட்டேன். வந்து பார்த்தவங்க, வரி இருக்குது, பொண்ணு மேலதான் தப்புன்னு எழுதிக்கினு போய்ட்டாங்க. வரி இல்லாத அந்தக் காப்பி தேதியோட இந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்ல என் பேர்ல அப்படியே கெடக்குது. அழிக்க எனக்குத் தெரியல."

பிறகு அன்புவைப் பார்த்தார். "உன் மேல பழி வரும்னு நான் நெனைக்கலடா. ஒரு வாட்டி ஃபெயிலாச்சுன்னா தள்ளிப் போட்டுடுவாங்க, அதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்னு நெனச்சேன்."

"எம்மேல வந்தா வந்துட்டுப் போவுது நைனா." அன்புவின் கண் நிறைந்துவிட்டது. "நாலு வருசமா அவ தன்னையே திட்டிக்கினு இருக்கா. நீங்க ஊட்டுக்கு வந்து சாப்பிடும்போதெல்லாம் அந்தக் கைய முந்தானைக்குள்ள மறைச்சுக்கினுதான் பரிமாறுவா. அதப் பார்த்துக்கினே எப்படி சாப்ட்டீங்க?"

குப்புராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

12:41. அன்பு ஆபீஸ் லேண்ட்லைனில் தங்கையைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான். சோனியா கவரப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. நீங்களே சொல்லுங்கள் என்று போனைக் குப்புராஜின் பக்கம் திருப்பினான். குப்புராஜ் சொன்னார். திக்கித் திக்கி, ஒன்றையும் விடாமல் சொன்னார்.

எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் மெஷின் நின்றது.

"அப்ப நான் சென்சார மறைக்கலியா?" என்றாள் சோனியா.

"இல்லமா."

"எனக்கும் மறைச்ச மாதிரி ஞாபகமே இல்ல. எல்லாரும் சொல்றாங்களேன்னு நம்பிட்டேன்." மூச்சை இழுத்து விட்டாள். "வாயால சொன்னா பத்தாது நைனா. எழுதிக் குடுங்க. அன்னிக்கு என் பேர எழுதனாங்க இல்ல, அதே மாதிரி உங்க பேரப் போட்டு எழுதிக் குடுங்க."

மெர்சி மினிட்ஸ் நோட்டையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள். ஒன்றரைப் பக்கம் எழுதினார். கடைசியில் கையெழுத்தும் தேதியும் போட்டார். குணசுந்தரி அதைப் படித்துவிட்டு, திங்கட்கிழமை காலை இதை எடுத்துக்கொண்டு தொழிற்சாலை இன்ஸ்பெக்டரிடம் நானே உங்களோடு வருகிறேன் என்றார். குப்புராஜ் சரி என்றார்.

பிறகு எல்லோரும் ஷெட்டுக்குப் போனார்கள். அன்பு பச்சைக் கார்டைச் செருகினான். நசுங்கிய கையையே திரும்ப அச்சுக்கு அடியில் வைத்தார்கள். பிரஸ் அசையவில்லை.

12:58. மூன்றாம் பதிப்பில் காவல் வரி கட்டாயம். பழைய புரோகிராம்களுக்கும் விலக்கு இல்லை. ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் குணசுந்தரி. அவர் கை, மெர்சியின் கை, அன்புவின் கை. ஜெகன் திங்கட்கிழமை வரப்போகிற போன்களை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தூக்கினான்.

மெர்சி நோட்டில் நான்கு என்று எழுதப் போனவள் நிறுத்தினாள். சுவரோரம் நின்றிருந்த குப்புராஜ், யார் முகத்தையும் பார்க்காமல், ஐந்து விரலும் விரிந்த வலது கையைத் தூக்கியிருந்தார். அவள் ஐந்து என்று எழுதினாள்.